திரையில் பச்சை எரிந்தால் வி.எம். ஓடுகிறதா? நிலைமாற்றங்களைப் பின்தொடர்வது எப்படி என்று ஓர் எளிய விளக்கம்

விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் எந்த மென்பொருளைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு பட்டியல். மெஷினின் பெயர், பக்கத்தில் ஒரு சின்ன அடையாளம். பச்சை என்றால் ஓடுகிறது, சிவப்பு என்றால் நின்றுவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்தப் பச்சையை அப்படியே நம்பிவிடுகிறார்கள். நம்பக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, யார் சொல்லி வந்தது என்று தெரிந்துகொண்டு நம்புங்கள் என்கிறேன்.

தமிழக-கேரள எல்லையோரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கோயம்புத்தூரிலோ கஞ்சிக்கோட்டிலோ சர்வர் அறை வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் தமிழ், வேலையிடத்தில் பாதி மலையாளம், கையேடுகள் முழுக்க ஆங்கிலம். இந்த விஷயத்தைப் பொறுத்தவரை அந்தக் கையேடுகள் கட்டளைகளை ஒழுங்காகச் சொல்லிவிடுகின்றன. அடியில் என்ன நடக்கிறது என்பதைத்தான் அவசரமாகத் தாண்டிப் போகின்றன. அந்த அடிப்பகுதியை நிதானமாகப் பார்க்கலாம்.

விர்ச்சுவல் மெஷின் என்பது ஒரு பெரிய சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்ட இன்னொரு கணினி. சுருக்கமாக வி.எம். அதைத் தாங்கி நிற்கும் நிஜ சர்வரை ஹோஸ்ட் என்பார்கள். உள்ளே ஓடும் விண்டோஸோ லினக்ஸோ கெஸ்ட். யோசனை பழையது. ஐபிஎம் 1960களிலேயே இதைச் செய்து பார்த்து, 1972ல் விஎம்/370 என்று வெளியிட்டது. பிசி உலகத்துக்கு விஎம்வேர் 1999ல் வொர்க்ஸ்டேஷன் மென்பொருளைக் கொண்டுவந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே, வி.எம்.களை ஓட்டும் கேவிஎம் சேர்ந்தது 2007ல். நான் பெரும்பாலும் கேவிஎம்மை வைத்தே பேசப்போகிறேன். இலவசமாகக் கிடைக்கிறது, உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

உண்மை யாருக்குத் தெரியும்?

கேவிஎம்மில் ஒரு வி.எம். என்பது, ஹோஸ்டின் பார்வையில், சாதாரண ஒரு லினக்ஸ் புரொசஸ். கியூஎமு என்ற நிரல் ஓடுகிறது; அதற்குள் கெஸ்டின் ஒவ்வொரு சிபியுவும் ஒரு திரெட், அதாவது அந்தப் புரொசஸுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை. அந்தப் புரொசஸ் உயிரோடு இருந்தால் வி.எம். இருக்கிறது, செத்தால் வி.எம். இல்லை. வி.எம்.மின் நிலையை நேரடியாக அறிந்தது அந்தக் கியூஎமு மட்டும்தான்.

அதற்கு மேலே லிப்வர்ட் என்ற ஒரு சேவை. கியூஎமுவோடு ஒரு சாக்கெட் வழியாகப் பேசி, நிலையைக் கேட்டு வைத்துக்கொள்ளும். அதற்கு மேலே ஒவ்வொரு ஹோஸ்டிலும் நிர்வாக மென்பொருளின் ஏஜென்ட், அதாவது அதன் சார்பில் அங்கே ஓடும் சிறு நிரல். அதற்கும் மேலே எல்லா ஹோஸ்ட்களையும் ஒன்றாகப் பார்க்கும் மைய சர்வர், அதன் டேட்டாபேஸ். கடைசியில்தான் உங்கள் பிரவுசர் திரை. கெஸ்டுக்குள் ஒருவர் விண்டோஸை ஷட்டவுன் செய்தால், அந்தச் சேதி இத்தனை கை மாறித்தான் திரையில் சிவப்பாக மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் தாமதம் ஆகலாம், சேதி தொலையலாம், ஒரு கை தூங்கிப்போயிருக்கலாம்.

ஆகவே திரையில் தெரிவதை வி.எம்.மின் நிலை என்று சொல்வதைவிட, வி.எம்.மைப் பற்றி மைய சர்வர் கடைசியாகக் கேட்ட சேதி என்று சொல்வதே சரி. இனி வரப்போகிற எல்லாமே இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் கிளைக்கிறது.

வேலந்தாவளம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றித் திருச்சூருக்கு லாரி அனுப்புகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி எங்கே என்று தெரிந்துகொள்ள அவருக்கு இரண்டு வழி உண்டு. மணிக்கொரு முறை டிரைவருக்குப் போன் போட்டு "எங்கப்பா இருக்கே?" என்று கேட்கலாம். இல்லையென்றால், "ஆலத்தூர் தாண்டினதும் நீயே கூப்பிடு, டயர் போனா கூப்பிடு, இறக்கினதும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம். முதல் வழியில், கேட்ட நேரத்துக்கும் அடுத்து கேட்கும் நேரத்துக்கும் நடுவில் நடந்தது தெரியாது. இரண்டாவது வழியில் சேதி உடனே வரும். ஆனால் குதிரான் பக்கம் சிக்னல் இல்லாத நேரத்தில் டயர் போனால், போன் வரவே வராது. வராத போனை "எல்லாம் நன்றாகப் போகிறது" என்று எடுத்துக்கொள்வதுதான் அங்கே இருக்கும் ஆபத்து.

கணினியில் முதல் வழிக்குப் போலிங் என்று பெயர், இரண்டாவதற்கு ஈவென்ட். நல்ல நிர்வாக மென்பொருள் இரண்டையும் வைத்திருக்கும். வேகத்துக்கு ஈவென்ட், சரிபார்ப்புக்குப் போலிங். ஒன்று இருந்தால் மற்றது எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. போலிங்கை மட்டும் வைத்தால், ஆயிரம் வி.எம். இருக்கும் இடத்தில் ஒவ்வொரு சில நொடிக்கும் ஆயிரம் கேள்வி. அப்படியும் இரண்டு கேள்விக்கு நடுவே அணைந்து மறுபடி எழுந்த வி.எம்.மைப் பிடிக்க முடியாது. ஈவென்டை மட்டும் வைத்தால், ஒரே ஒரு சேதி தொலைந்தாலும் திரை தப்பாகிவிடும், அடுத்த சேதி வரும் வரை தப்பாகவே இருக்கும். அடுத்த சேதி ஆறு மாதம் கழித்தும் வரலாம். ஒழுங்காக ஓடும் சர்வர் சும்மா இருக்கும்போது எதையும் அறிவிப்பதில்லையே.

ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருளில் வி.எம்.களைக் கவனிக்கும் பகுதியான நோவா இதற்கு நல்ல உதாரணம். அது லிப்வர்டின் ஈவென்ட்களையும் கேட்கும். கூடவே, நாம் மாற்றாமல் விட்டால் 600 நொடிக்கு ஒரு முறை, அதாவது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஹோஸ்டில் நிஜமாக என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்துத் தன் டேட்டாபேஸோடு ஒப்பிடும். ஓடுவதாக எழுதி வைத்திருந்த வி.எம். அணைந்து கிடந்தால் தன் பதிவைத் திருத்திக்கொள்ளும். தான் நிறுத்தியதாக நினைத்த வி.எம். ஓடிக்கொண்டிருந்தால்? அதை மறுபடி நிறுத்திவிடும். யாரோ நோவாவுக்குத் தெரியாமல் ஹோஸ்டில் நேராகப் போய், லிப்வர்டின் கட்டளைக் கருவியான விர்ஷால் வி.எம்.மை எழுப்பிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அது தானாக அணைவதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். பேயும் இல்லை, பிழையும் இல்லை. மேலே இருப்பவர் தன் கணக்கைச் சரிசெய்கிறார்.

நிலைகளும் அவற்றின் காரணமும்

எத்தனை நிலைகள் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். விஎம்வேரின் விஸ்பியர் மூன்றே மின்நிலைகளை வைத்துக்கொள்கிறது: ஓடுகிறது, அணைந்தது, உறங்கவைக்கப்பட்டது. லிப்வர்ட் எட்டு வைத்திருக்கிறது. அவற்றில் அன்றாடம் நீங்கள் பார்க்கப்போவது நான்கைந்துதான். ஓடுவது, இடைநிறுத்தம், அணைந்துகொண்டிருப்பது, அணைந்தது, முறிந்தது.

இதில் ஓடுவது என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கெஸ்டின் சிபியுக்களுக்கு ஹோஸ்ட் நேரம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். உள்ளே இருக்கும் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கலாம், லினக்ஸ் கெர்னல் பேனிக் ஆகி உறைந்திருக்கலாம், பில் போடும் மென்பொருள் செத்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே பச்சைதான். உள்ளே நடப்பதும் தெரிய வேண்டுமென்றால் வேறு ஏற்பாடு வேண்டும். கெஸ்டுக்குள் கியூஎமு கெஸ்ட் ஏஜென்ட் நிறுவலாம். பிவிபேனிக் என்ற சிறு மெய்நிகர் சாதனத்தைச் சேர்த்தால், கெர்னல் பேனிக் ஆகும்போது கெஸ்டே வெளியே கத்திச் சொல்லிவிடும். அப்போதுதான் லிப்வர்ட் "முறிந்தது" என்று காட்டும். வாட்ச்டாக் சாதனமும் உண்டு: குறிப்பிட்ட நேரத்துக்குள் கெஸ்ட் அதைத் தொடாவிட்டால், நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவைத்த நடவடிக்கையை எடுக்கும்.

இடைநிறுத்தம் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் தரவை இழப்பது இங்கேதான்.

பல இடங்களில் டிஸ்க்கைத் தின் புரொவிஷனிங் முறையில் கொடுத்திருப்பார்கள். வி.எம்.முக்கு 200 ஜிபி என்று சொல்லியிருப்பார்கள், ஆனால் ஸ்டோரேஜில் எழுத எழுதத்தான் இடம் எடுத்துக்கொள்ளும். எல்லா வி.எம்.களும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து ஒரு நாள் ஸ்டோரேஜ் நிரம்பிவிடும். அப்போது கெஸ்ட் எழுத முயலும்போது இடமில்லை என்ற பிழை கியூஎமுவுக்கு வரும். கியூஎமு அதை கெஸ்டுக்குச் சொல்லாமல், வி.எம்.மை அப்படியே உறைய வைத்துவிடும். இது மிக நல்ல முடிவு. சொல்லியிருந்தால் கெஸ்டின் கோப்பு அமைப்பு குழம்பியிருக்கும், டேட்டாபேஸ் பாதி எழுதிய நிலையில் விழுந்திருக்கும். உறைய வைத்ததால் உள்ளே இருப்பவர்களுக்குக் காலமே நின்றுபோனது போல, ஒன்றும் கெடவில்லை.

இப்போது திரையில் "இடைநிறுத்தம்" என்று தெரிகிறது. புதியவர் என்ன நினைப்பார்? யாரோ தெரியாமல் பாஸ் பட்டனை அழுத்திவிட்டார்கள் என்று ரிசூம் கொடுப்பார். இடம் இன்னும் இல்லை, ஆகவே மறுபடி உறையும். பொறுமை போய் ரீசெட் கொடுப்பார். அவ்வளவுதான், கியூஎமு கட்டிக் காப்பாற்றிவைத்திருந்த எழுதாத தரவு போயே போய்விட்டது.

செய்ய வேண்டியது வேறு. முதலில் காரணத்தைக் கேளுங்கள். விர்ஷில் டொம்ஸ்டேட் கட்டளையோடு ரீசன் என்ற தேர்வையும் சேர்த்துக் கொடுத்தால், நிலையோடு காரணமும் வரும். ஐ/ஓ எர்ரர் என்று வந்தால் நேராக ஸ்டோரேஜைப் போய்ப் பாருங்கள். பழைய ஸ்நாப்ஷாட்டோ, வேண்டாத ஐஎஸ்ஓ கோப்போ, எதையாவது எடுத்து இடம் உண்டாக்கிவிட்டு அப்புறம் ரிசூம் கொடுங்கள். விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும். உள்ளே கடிகாரம் மட்டும் பின்தங்கியிருக்கும், அதைச் சரிசெய்துவிடுங்கள்.

நிலைமாற்றத்தைப் பதிவு செய்யும் எந்த மென்பொருளும் காரணத்தையும் சேர்த்துப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். லிப்வர்ட் அனுப்பும் ஒவ்வொரு நிலைமாற்ற ஈவென்டிலும் இரண்டு துண்டு இருக்கும்: என்ன நடந்தது, எதனால் நடந்தது. "நின்றது" என்ற ஒரே ஈவென்டுக்கு எத்தனை காரணங்கள் இருக்கின்றன பாருங்கள். கெஸ்டே ஒழுங்காக ஷட்டவுன் ஆகியிருக்கலாம். நிர்வாகி வலுக்கட்டாயமாக நிறுத்தியிருக்கலாம். முறிந்திருக்கலாம். நினைவகத்தை டிஸ்க்கில் எழுதிச் சேமித்துவிட்டு நின்றிருக்கலாம். வேறு ஹோஸ்டுக்கு இடம் மாறியிருக்கலாம். கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். வி.எம். ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே மாறும்போது, பழைய ஹோஸ்ட் "நின்றது" என்று சொல்லும், புதிய ஹோஸ்ட் "தொடங்கியது" என்று சொல்லும். இரண்டு சேதிகளும் இரண்டு வழிகளில் வருகின்றன, எது முன்னால் வந்து சேரும் என்று உத்தரவாதமில்லை. காரணத்தைப் பார்க்காத மென்பொருள் "புதியதில் தொடங்கியது, பிறகு நின்றது" என்று படித்து, நன்றாக ஓடும் வி.எம்.மைச் சிவப்பாகக் காட்டிவிடும். அதை நம்பி ஒருவர் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று கீழே வருகிறது.

கேட்பதும் நடப்பதும்

ஷட்டவுன் பட்டனை நீங்கள் அழுத்தியதும் மென்பொருள் கெஸ்டுக்கு ஒரு ஏசிபிஐ சமிக்ஞையை அனுப்புகிறது, நிஜக் கணினியில் பவர் பட்டனைத் தட்டுவதற்குச் சமமாக. கட்டளை உடனே முடிந்து திரும்பிவிடும். கெஸ்ட் அதைக் கேட்டு அணையலாம், "அப்டேட் நடக்கிறது" என்று அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம், கண்டுகொள்ளாமலும் போகலாம். கட்டளை வெற்றி என்பதற்குச் சேதி போய்ச் சேர்ந்தது என்பது மட்டுமே பொருள்.

அதனால் நிர்வாக மென்பொருள்கள் இடைப்பட்ட நிலைகளைத் தாங்களே உருவாக்கி வைத்துக்கொள்கின்றன. ஓவர்ட் என்ற மென்பொருளில் எழுந்துகொண்டிருக்கிறது, அணைந்துகொண்டிருக்கிறது, இடம் மாறிக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் தனித்தனி நிலைகள் உண்டு. நோவா இன்னும் தெளிவாக மூன்று தனிப் பதிவுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஹைப்பர்வைசர், அதாவது ஹோஸ்டில் வி.எம்.களை ஓட்டும் மென்பொருள், சொல்லும் மின்நிலை ஒன்று, இந்த வி.எம். எப்படி இருக்க வேண்டும் என்று நோவா வைத்திருக்கும் நிலை ஒன்று. இப்போது இதன் மேல் என்ன வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பது ஒன்று. முதல் பார்வைக்கு வீண் சிக்கலாகத் தெரியும். ஆனால் இருக்கும் நிலையையும் இருக்க வேண்டிய நிலையையும் ஒரே பதிவில் எழுதினால், அவை வேறுபடும்போது எது தப்பு என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. சொந்தமாகச் சின்ன நிர்வாகக் கருவி எழுதப்போகிறவர்கள் இந்த ஒரு பாடத்தையாவது நோவாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

தெரியவில்லை என்பதும் ஒரு நிலை

இனி எல்லையிலுள்ள வாளையாறைத் தாண்டுவோம். ஒரு கம்பெனிக்குக் கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை, கோயம்புத்தூரில் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட அமைப்பு சகஜம். ஹோஸ்ட்கள் தொழிற்சாலையில் இருக்கின்றன, மைய நிர்வாக சர்வர் அலுவலகத்தில். நடுவே வாளையாறு வழியாகப் போகும் இணைப்பு. யாரோ சாலை ஓரம் தோண்டும்போது ஃபைபர் அறுகிறது. கஞ்சிக்கோட்டில் எல்லா வி.எம்.களும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. கோயம்புத்தூர்த் திரையில் என்ன தெரிய வேண்டும்?

பச்சையாகவே காட்டினால் அது பழைய சேதி. சிவப்பாகக் காட்டினால் பொய். "தெரியவில்லை" என்று காட்டுவதுதான் நேர்மை. நல்ல மென்பொருள்கள் அப்படித்தான் செய்கின்றன, சாம்பல் நிறத்திலோ கேள்விக்குறியோடோ.

இணைப்பு அறுந்ததே உடனே தெரியாது என்பது இன்னொரு சிக்கல். டிசிபி இணைப்பில் எதிர்முனை சத்தமில்லாமல் காணாமல்போனால், நாம் எதையும் அனுப்பாத வரை அது திறந்தே இருப்பதுபோலத் தோன்றும். ஈவென்டுக்காகக் காத்திருக்கிறவர் ஒன்றும் அனுப்புவதில்லை, சும்மா காத்திருப்பார். அதனால்தான் கீப்அலைவ் என்ற ஏற்பாடு. லிப்வர்ட் சேவை வழக்கமான அமைப்பில் 5 நொடிக்கு ஒரு முறை எதிர்முனையைத் தட்டிப் பார்க்கும்; 5 தட்டலுக்குப் பதில் இல்லை என்றால் இணைப்பை முறித்துவிடும். கிட்டத்தட்ட அரை நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடுகிறது. இது சேவையின் பக்கம். ஈவென்ட் கேட்கும் நிரலை நீங்கள் எழுதினால், உங்கள் பக்கத்திலும் கீப்அலைவை நீங்களே இயக்கிவிட வேண்டும்.

சரி, "தெரியவில்லை" என்று வந்துவிட்டது. பக்கத்தில் நிற்கும் இளையவர் கேட்பார்: "அண்ணா, பில்லிங் சர்வர் தெரியலைன்னு வருது. கோயமுத்தூர் ஹோஸ்ட்ல ஏத்திவிட்டுடலாமா?"

"பொறு கண்ணு. அங்க ஓடலைன்னு யாரு சொன்னா?"

இந்தக் கேள்வி உயிர்நாடி. இரண்டு ஊருக்கும் பொதுவான ஸ்டோரேஜ் இருந்து, அங்கே வி.எம். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே டிஸ்க்கை வைத்து இங்கேயும் எழுப்பினால், இரண்டு கெஸ்ட்கள் ஒரே டிஸ்க்கில் எழுதும். ஒன்று எழுதுவது மற்றதற்குத் தெரியாது. கோப்பு அமைப்பு சில நிமிடங்களில் சிதைந்துபோகும். சர்வர் ஒரு மணி நேரம் நின்றால் வேலை ஒரு மணி நேரம் தாமதம். டிஸ்க் சிதைந்தால் நேற்றைய பேக்கப் வரைக்கும் பின்னால் போக வேண்டும், அதுவும் பேக்கப் நல்லபடியாக இருந்தால்.

இதைத் தடுக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று ஃபென்ஸிங்: ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்தே அணைக்கவும் எழுப்பவும் உதவும் ஏற்பாடு) போன்ற தனி வழியில் அந்த ஹோஸ்டின் மின்சாரத்தையே துண்டித்து, அது அணைந்தது என்று உறுதி செய்த பிறகுதான் வேறு இடத்தில் எழுப்புவது. நம் உதாரணத்தில் ஐபிஎம்ஐயும் அதே ஃபைபர் வழியாகத்தான் போகிறது என்றால் இது பயன்படாது. அந்த வழி தனியாக இருக்க வேண்டும். மற்றது ஸ்டோரேஜிலேயே பூட்டுப் போடுவது. ஓவர்ட்டில் சான்லாக் இந்த வேலையைச் செய்கிறது, விஎம்வேரில் விஎம்எஃப்எஸ் கோப்புப் பூட்டு. பூட்டை வைத்திருக்கும் ஹோஸ்ட் தொடர்ந்து அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். புதுப்பிப்பது நின்று, குறித்த நேரம் கடந்தால்தான் வேறு ஹோஸ்ட் எடுத்துக்கொள்ள முடியும். இரண்டும் இல்லாத இடத்தில், கஞ்சிக்கோட்டில் இருப்பவருக்குப் போன் போட்டு "சேட்டா, அந்த ஹோஸ்ட் ஓடுதா, கண்ணால பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான வழி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஹோஸ்டில் லிப்வர்ட் சேவை மட்டும் செத்துப்போனாலும் மேலிருந்து பார்க்கிறவருக்கு அந்த ஹோஸ்டே போனதுபோலத் தெரியும். ஆனால் கியூஎமு புரொசஸ்கள் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சேவையை மறுபடி தொடங்கினால், ஓடும் புரொசஸ்களைத் தேடிப் பிடித்து இணைந்துகொள்ளும். சேதி சொல்கிறவர் மயங்கி விழுந்ததற்கும் வி.எம். விழுந்ததற்கும் வித்தியாசம் உண்டு. பதற்றத்தில் ஹோஸ்டையே ரீபூட் செய்து, ஓடிக்கொண்டிருந்த எல்லா வி.எம்.களையும் நீங்களே கொன்றுவிடாதீர்கள்.

சொந்தமாக எழுதுகிறவர்களுக்கு

பைத்தான் தெரிந்த பலர் லிப்வர்டை வைத்துச் சின்னக் கண்காணிப்பு நிரல் எழுத ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை, பத்துப் பன்னிரண்டு வி.எம். இருக்கும் இடத்துக்கு அது போதும். சில இடங்களில் மட்டும் கவனம் வேண்டும்.

முதலில் பட்டியல் எடுத்துவிட்டு, அப்புறம் ஈவென்டுக்குப் பதிவு செய்வதுதான் எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும் வரிசை. அது தப்பு. பட்டியல் எடுத்த நொடிக்கும் பதிவு செய்த நொடிக்கும் நடுவில் ஒரு வி.எம். அணைந்தால், பட்டியலில் அது ஓடுவதாக இருக்கும், ஈவென்டும் வராது. வரிசையை மாற்றுங்கள்: முதலில் பதிவு, அப்புறம் பட்டியல். அதிகபட்சம் ஒரே சேதி இரண்டு முறை வரும். இரண்டு முறை கேட்பதில் நஷ்டம் இல்லை.

இணைப்பு அறுந்து மறுபடி சேரும்போதும் இதையே செய்ய வேண்டும். நடுவில் நடந்த ஈவென்ட்களை லிப்வர்ட் சேர்த்துவைத்துத் திருப்பித் தராது, போனது போனதுதான். விஸ்பியர் இந்த இடத்தில் கொஞ்சம் வசதி: நீங்கள் கடைசியாகப் பார்த்த பதிப்பு எண்ணைக் கொடுத்தால், அதற்குப் பிறகு மாறியவற்றை மட்டும் தருகிறது. அந்த எண் காலாவதியாகியிருந்தால் மறுபடி முழுப் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஈவென்ட் சொல்வதை அப்படியே டேட்டாபேஸில் எழுதாமல், "இந்த வி.எம்.மில் ஏதோ மாறியிருக்கிறது, போய்ப் பார்" என்ற தட்டலாக எடுத்துக்கொள்வது என் விருப்பம். ஈவென்ட் வந்ததும் அந்த வி.எம்.மின் தற்போதைய நிலையையும் காரணத்தையும் கேட்டு, அதை எழுதுங்கள். வரிசை குழம்பி வந்தாலும், இரட்டிப்பாக வந்தாலும் கடைசியில் பதிவு சரியாகவே இருக்கும். என்ன நடந்தது என்ற வரலாறும் வேண்டுமென்றால் ஈவென்டைத் தனி அட்டவணையில் போடுங்கள்.

சில மாற்றங்களைக் கொஞ்சம் பொறுத்துத்தான் நம்ப வேண்டும். நோவா, லிப்வர்டிடமிருந்து "நின்றது" என்று சேதி வந்தால் 15 நொடி காத்திருந்துதான் மேலே சொல்கிறது, ஏனென்றால் சில ரீபூட்களில் "நின்றது" வந்த கையோடு "தொடங்கியது" வரும். அவசரப்பட்டு மேலதிகாரிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவியை எழுதினால், நாலு நாளில் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். நிஜமாகவே விழுகிற நாளிலும் படிக்க மாட்டார்கள்.

நேரம். கியூஎமு தன் சேதியோடு நொடியையும் மைக்ரோநொடியையும் சேர்த்தே அனுப்புகிறது. ஆனால் லிப்வர்ட் வழியாக வரும் நிலைமாற்ற ஈவென்டில் நேரம் இருக்காது; உங்கள் கைக்கு வந்த நேரத்தைத்தான் நீங்கள் குறிக்க முடியும். இரண்டுக்கும் இடைவெளி இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள், டேட்டாபேஸில் அந்த நெடுவரிசையின் பெயரையே "பெறப்பட்ட நேரம்" என்று வைத்துவிடுங்கள். எல்லா ஹோஸ்ட்களிலும், கடிகாரங்களை ஒன்றாக வைக்கும் என்டிபி ஓடட்டும்.

வி.எம்.மைப் பெயரை வைத்து அடையாளம் காணாதீர்கள். பெயர் மாறும், ஒன்றை நீக்கிவிட்டு அதே பெயரில் வேறொன்றை உருவாக்குவார்கள். ஒவ்வொன்றுக்கும் யுயுஐடி என்ற தனித்த அடையாள எண் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கையால் செய்து பாருங்கள்

உபுண்டுவோ ஃபெடோராவோ இருக்கும் ஒரு லேப்டாப் போதும். கேவிஎம், லிப்வர்ட் இரண்டையும் நிறுவி, இழந்தால் பரவாயில்லை என்கிற ஒரு சின்ன லினக்ஸ் வி.எம்.மை உருவாக்குங்கள். ஒரு டெர்மினலில் விர்ஷின் ஈவென்ட் கட்டளையை, எல்லா வி.எம்.களுக்கும், எல்லா ஈவென்ட்களுக்கும், தொடர்ந்து காத்திருக்கும்படி, நேரத்தோடு காட்டும்படி கொடுத்து ஓட விடுங்கள். தேவையான தேர்வுகள் அதன் உதவிப் பக்கத்திலேயே இருக்கின்றன. அதை மூடாமல், இன்னொரு டெர்மினலில் விளையாடலாம்.

வி.எம்.மைத் தொடங்குங்கள், இடைநிறுத்துங்கள், ரிசூம் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதல் டெர்மினலில் என்ன வரி வருகிறது, எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள். நீங்கள் ஒன்று செய்ய, இரண்டு மூன்று ஈவென்ட் வரும் இடங்கள் உண்டு. அப்புறம் கெஸ்டுக்குள் போய் அங்கிருந்தே பவர்ஆஃப் கொடுங்கள். மறுபடி எழுப்பி, இந்த முறை வெளியிலிருந்து வலுக்கட்டாயமாக நிறுத்துங்கள். முடிவில் இரண்டும் "அணைந்தது"தான், ஆனால் காரணம் வேறு வேறாக வந்திருக்கும்.

கடைசியாக, எழுப்பிய வி.எம்.மின் கியூஎமு புரொசஸ் எண்ணைக் கண்டுபிடித்து, கில் கட்டளையை 9ஆம் சிக்னலோடு அனுப்பிக் கொல்லுங்கள். கியூஎமுவுக்குக் கடைசிச் சொல் சொல்லக்கூட நேரம் கிடைக்காது. லிப்வர்ட் பக்கத்தில் சாக்கெட் மட்டும் பட்டென்று மூடும். வழக்கமாக மூடுவதற்கு முன்னால் வர வேண்டிய ஷட்டவுன் சேதி வரவில்லை என்பதை வைத்தே, இது முறிந்துதான் போயிருக்க வேண்டும் என்று அது முடிவு கட்டும். டொம்ஸ்டேட்டில் காரணத்தையும் கேட்டுப் பாருங்கள்: அணைந்தது, முறிவால் என்று வரும்.